இன்பமணிக்குக் கொடுத்த அப்பம்

எங்கள் சபைக் குருவானவர் தேவபிரசாதம் ஐயர் தூத்துக்குடியை விட்டு ஓடிப்போனார் என்று நான் சொன்னால், ஓடிப்போனார் என்று சொல்லாதே, ஒதுங்கிப்போனார் என்று சொல் என்பார் என் வீட்டுக்காரர். பத்து மைல் தள்ளி, திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டையில், மைத்துனர் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொள்வதற்குப் பெயர் ஒதுங்குவதாம். கோயிலில் இருந்த ஒரே வெள்ளிக் கிண்ணத்தையும் தட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் அவர் ஒதுங்கினார். எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. ஓடித்தான் போனார்.

நான் ஜீவமணி. நாசரேத்தில் படித்துவிட்டு, இங்கே மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் அருமைநாயகம் எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஐயரின் பொறுப்பில் உள்ள சபைக்கு, உபதேசியார். ஐயர் வராத நாளில் பிரசங்கம், நோயாளி வீட்டில் ஜெபம், சாவு வீட்டில் ஆறுதல், கோயில் விளக்குக்கு எண்ணெய், எல்லாம் உபதேசியார் தலையில்தான். ஆனால் இராப்போஜனம், நற்கருணை, திருவிருந்து என்று பல பெயர் சொல்கிற அந்த அப்பமும் திராட்சைச் சாறும் மட்டும் அவர் கொடுக்கக் கூடாது. அத்தியட்சர், அதாவது பிஷப், தலையில் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தவர்தான் அப்பத்தையும் பாத்திரத்தையும் தொட்டு ஆசீர்வதிக்கலாம். மற்றவர் தொட்டால் பெருங்குற்றம்.

என் வீட்டுக்காரர் சட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள். இராப்போஜனத்துக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துச் சாறு பிழிவது அவர் வேலை. ஆராதனை முடிந்ததும், ஆசீர்வதித்த சாற்றில் ஒரு சொட்டு மிஞ்சினாலும் அதைக் கீழே ஊற்றக் கூடாது, அங்கேயே முழங்கால்படியிட்டுக் குடித்துவிட வேண்டும் என்பது ஒழுங்கு. ஐயர் அவசரத்தில் மறந்துவிட்டால், இவர் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவார். ஐயருக்கு அது பிடிக்காது. இவர் செருமாமல் விடவும் மாட்டார்.

1942 ஈஸ்டர் அன்று காலையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். சாயங்காலத்துக்குள் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளுக்குத் தந்தி வந்துவிட்டது. அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஒருவன் சொன்னான். அவ்வளவுதான், திங்கட்கிழமை காலையில் சட்டி பானையோடு ஊரே வண்டி கட்டிவிட்டது. ஓடியவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், உயிர் யாருக்கும் வெல்லக்கட்டிதான். ஆனால் ஐயரும் போனார். போகும்போது கோயில் சாவியை மட்டும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"நீரு பாத்துக்கிடும் உபதேசியாரே. ஒரு வாரத்துல வந்திருவேன்."

ஊரில் மிஞ்சியது யார்? உப்பளத்துக் கூலிகள். அவர்களுக்கு எங்கே மைத்துனர் வீட்டு மாடி? அதில் ஒருத்திதான் இன்பமணி. இருபத்திரண்டு வயது. தலையில் உப்புக் கூடை சுமந்து சுமந்து உச்சியில் முடியே இராது. அவளும் அவள் தாயார் இசக்கித்தாயும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றவர்கள். தாய்க்குச் சபையில் வேறு பெயர் வைத்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவளுக்கும் அது ஒட்டவில்லை. மகள் ஞாயிறு மத்தியானங்களில் என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டு, ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம் பண்ணி, ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாளில் அத்தியட்சர் கையால், இராப்போஜனம் வாங்கத் தகுதி தருகிற திடப்படுத்தலும் பெற்றாள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவளுக்கு முதல் இராப்போஜனம். அதற்கென்று ஒரு வெள்ளைச் சேலை துவைத்து மடித்து வைத்திருந்தாள். "டீச்சரம்மா, கையை இப்பிடி வைக்கணுமா, இப்பிடி வைக்கணுமா?" என்று பத்துத் தடவை கேட்டிருப்பாள்.

புதன்கிழமை அவளுக்கு வாந்திபேதி கண்டது.

வியாழன் காலையில் இசக்கித்தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "டீச்சரம்மா, எம் மவ பொழைக்க மாட்டா. அவளுக்கே தெரிஞ்சு போச்சு. எனக்கு எப்பத் தருவாவ, எப்பத் தருவாவன்னு கேட்டுக்கிட்டே கெடக்கா. ஐயரவாளக் கூப்பிட்டு விடுங்க."

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, தனியாகத் திரும்பி வந்தார்.

"என்னங்க, ஐயர் எங்க?"

"நாளைக்கு வாரேன்னு சொல்லுதாவ."

"நாளைக்கா? அவ நாளைக்கு இருப்பாளா?"

"ஒரு வண்டியில போட்டு அங்கன கொண்டுட்டு வாங்கன்னும் சொன்னாவ."

எனக்கு உச்சந்தலையில் தீப் பிடித்தது. பேதியில் துவண்டு கிடக்கிறவளைச் பங்குனி வெயிலில் பத்து மைல் வண்டியில் கொண்டுபோக வேண்டுமாம்! "கிண்ணத்தையாவது கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா?" என்றேன். கேட்கவில்லை. "அப்ப நீங்க கொடுங்க" என்றேன்.

"எனக்கு அதிகாரம் இல்ல, ஜீவமணி."

"அதிகாரம் உள்ளவரு மாடியில உக்காந்திருக்காரு."

"அதுக்காக நான் செய்ய முடியாது. செய்யக் கூடாது." அழுதாரே தவிர, அசையவில்லை. எனக்கு அந்த அழுகை மேல்கூட எரிச்சல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் ஊறவைத்த திராட்சை அலமாரியில் இருந்தது. நானே பிழிந்தேன். ஈஸ்டருக்கு வாங்கிய ரொட்டியில் ஒரு துண்டு காய்ந்து கிடந்தது. கிண்ணத்துக்கு எங்கே போக? தம்ளரில் குடிக்கிற நிலையில் அவள் இல்லை. எங்கள் மகள் கிரேசிக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டிய சங்கு இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. உப்பளத்துக் குடிசை வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். உள்ளே மட்டும் வரவில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இருபது வருஷமாக மாதந்தோறும் கேட்ட ஜெபம். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இசக்கித்தாய் மகளுக்கு அந்த வெள்ளைச் சேலையைப் போர்த்திவிட்டிருந்தாள். இன்பமணி இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நான் சொல்லிக்கொடுத்தது போலவே, மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். கை நிற்கவில்லை, தாய் பிடித்துக்கொண்டாள். ரொட்டியை நனைத்து நாக்கில் வைத்தேன். சங்கால் இரண்டு சொட்டு விட்டேன். விழுங்கினாள். சிரித்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரித்தாள். கால் மணி நேரத்தில் போய்விட்டாள்.

அழுகைக்குள் சங்கை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. பிறகு தேடினால், கழுவித் துடைத்து வாசல் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. இசக்கித்தாய் கழுவினாள்போல என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஐயர் 'நாளைக்கு' வரவில்லை. ஜூன் மாதம் வந்தார்.

அதற்குள் இசக்கித்தாய் பார்த்தவரிடமெல்லாம் சொல்லியிருந்தாள்: "எம் மவ சும்மா போகல. உபதேசியார் வீட்டுல இருந்து நற்கருணை வந்துச்சு, வாங்கிட்டுத்தான் போனா." அவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். ஐயர் காதில் அது விழுந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீரா கொடுத்தீரு?" என்று கேட்டார். இவர், "என் வீட்டுல இருந்துதான் போச்சு ஐயா, பொறுப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். பட்டமில்லாதவன் திருவிருந்து கொடுத்தான் என்று அத்தியட்சருக்கு எழுதியாகிவிட்டது. அந்த வருஷம் குருப்பட்டத்துக்கு என்று இவர் பெயர் பட்டியலில் இருந்தது. பதினெட்டு வருஷம் காத்து வந்த பெயர். அதை அடித்து நீக்கிவிட்டார்கள்.

நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வாசலை மறித்துக்கொண்டார். "பொம்பள செஞ்சான்னு தெரிஞ்சா உன்னப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாவளா? சபையில வச்சிருப்பாவளா? கிரேசி தலையில சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு." பண்ணித் தொலைத்தேன். ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யார் யார் மேலேயோ கோபப்படுகிறேனே, என் மேல் எனக்கு இருக்கிற கோபம் அதில் எதற்கும் குறைந்தது இல்லை.

போன செப்டம்பரில் சபைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. புதுச் சபை, புதுப் பட்டியல். என் வீட்டுக்காரர் பெயர் மறுபடியும் வந்தது. ஐம்பத்தோரு வயதில்! அன்றைக்கு அவர் தன் வெள்ளைச் சட்டையைத் தானே இரண்டு தடவை துவைத்தார்.

பட்டம் கொடுக்கும் முன்னால், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது போல, ஞாயிறு ஆராதனையில் பெயரை வாசிப்பார்கள். இவருக்குக் குருப்பட்டம் கொடுக்க யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் இப்போது சொல்லலாம் என்று கேட்பார்கள். யாரும் சொல்வதில்லை, அது ஒரு வழக்கம். தேவபிரசாதம் ஐயர் வாசித்தார். வாசித்து முடித்தார். தாளை மடித்தார்.

"ஆட்சேபணை எனக்கே உண்டு" என்றார்.

என்ன தைரியம்! எனக்குக் காரணம் தெரியும். இவருக்குப் பட்டம் கிடைத்தால் இதே சேகரத்தைக் கொடுப்பார்கள்; ஓடியவர் யார், நின்றவர் யார் என்று ஊர் பேசும். ஐயர் நின்ற இடத்திலிருந்தே, நாற்பத்திரண்டாம் வருஷம், பட்டமில்லாமல், திருவிருந்து, என்று அடுக்கிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். சத்தியமாவது, மண்ணாவது. "கொடுத்தது அவரு இல்ல. நான். நான்தான் ஜெபம் சொன்னேன், நான்தான் கொடுத்தேன். நீங்க கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க, அதனால சங்குல கொடுத்தேன்!"

கோயில் இரைந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் பாயோடு தள்ளி உட்கார்ந்தார்கள். இசக்கித்தாய் மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அத்தியட்சர் ஒரு பெரிய ஐயரை விசாரணைக்கு அனுப்பினார். கோயிலை ஒட்டி, ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்திரி அறையில் மேஜை. பெரிய ஐயர் நடுவில், தேவபிரசாதம் ஐயர் பக்கத்தில், நாங்கள் இருவரும் எதிரே. பெரிய ஐயர் கெட்டவர் இல்லை. மெதுவாகப் பேசினார், என்னை உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அம்மா, இது ரொம்பச் சுலபம். உபதேசியார் கொடுக்கவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை. நீங்கள் பட்டம் பெற்றவர் இல்லை, பெறவும் முடியாது. ஆகையால் நீங்கள் கொடுத்தது திருவிருந்தே அல்ல. ஒரு நோயாளிக்கு ரொட்டியும் பழச்சாறும் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். அது குற்றம் அல்ல, நல்ல காரியம். அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்துவிட்டால் ஆட்சேபணை நீங்கிவிடும்."

"சபையில வாசிப்பீங்களா? இன்பமணியோட அம்மா முன்னால உக்காந்திருப்பாளே?"

"உண்மையைத்தானே வாசிக்கிறோம்."

"ஐயா, ஒரு கேள்வி. மதுரைப் பக்கத்து வேற சபை ஐயர்மாரு தலையில அத்தியட்சர் கை வச்சது கிடையாது. போன ஆகஸ்டு வரைக்கும் அவங்க கொடுத்தது நற்கருணை இல்லன்னு நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு சொன்னீங்க. செப்டம்பர்ல கூடித் தீர்மானம் போட்டீங்க, இப்ப அது நற்கருணை ஆயிட்டு. அப்ப ஆண்டவரு உங்க தீர்மானத்தைப் பாத்துட்டுத்தான் அப்பத்துக்குள்ள வாராரா?"

"ஜீவமணி!" என்றார் என் வீட்டுக்காரர்.

பெரிய ஐயர் கோபப்படவில்லை. பேனாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "உங்கள் கணவருக்கு வயது ஏறிவிட்டது, அம்மா. இனி ஒரு தடவை பெயர் வராது."

அதுதான் என்னை அடித்தது. வீராப்பாகப் பேசிவிட்டேன், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்தேன். எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். இவர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பீடத்தண்டை நிற்க வேண்டும், தேவபிரசாதம் ஐயர் அதைப் பார்க்க வேண்டும். இன்பமணி செத்துப்போனவள், அவளுக்கு என்ன வந்தது, ஆண்டவருக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய ஐயர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆகாரமாக மட்டுமே கொடுத்தேன். அது திருவிருந்து அல்ல என்று அறிவேன்.' கீழே பெயரைப் போடப் போனேன்.

"ஐயா, அதுல அவ கையெழுத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

எழுந்து நின்றார். வேலைக்கு அமர்ந்த முதல் நாள் பையன் மாதிரி கைகட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குச் சங்குல மிச்சம் இருந்துது. ஒரு வாய் அளவு. அந்தப் பிள்ளை போனதும் இவ அதைத் தரையில வச்சிட்டு அழுதுக்கிட்டு இருந்தா. நான் உள்ள போய் எடுத்தேன். வெறும் பழச்சாறுன்னு நான் நெனச்சிருந்தா வெளியே ஊத்தியிருப்பேன், ஐயா. ஊத்தல. முழங்கால் போட்டேன். குடிச்சேன். அப்புறம் தண்ணி விட்டுக் கழுவி, அந்தத் தண்ணியையும் குடிச்சேன். ஒழுங்குல இருக்கபடி."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அதிகாரம் எனக்கு இல்லன்னு அன்னைக்குச் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன். அவளுக்கும் கிடையாதுதான். ஆனா அது நற்கருணைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன். நாளைக்கு அங்கியப் போட்டுக்கிட்டு, அந்த அம்மாகிட்ட, உம் மவ வாங்குனது ஒண்ணும் இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

"உபதேசியாரே, நீர் என்ன பேசுகிறீர் என்று தெரிந்துதான் பேசுகிறீரா?" என்றார் பெரிய ஐயர்.

"தெரிஞ்சுதான், ஐயா."

"அப்படியானால் நான் உம்மைச் சிபாரிசு செய்ய முடியாது."

"சரிங்க, ஐயா." நான் எழுதிய தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் சட்டத்தை மீறி எடுத்த ஒரே தாள் அதுதான்.

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். நடுத்தெரு என்றும் பார்க்கவில்லை. "ஏங்க, உங்களுக்குக் கூறு இருக்கா? வாந்திபேதிக்காரி வாயில வச்ச சங்கு! அதைக் குடிச்சீங்களா? கிரேசிக்கு அப்ப ஒன்பது வயசு. உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் எங்க போய் நிப்பேன்? ஆறு வருஷமா ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் தனியாச் செஞ்சேன், தனியாச் செஞ்சேன்னு ஆறு வருஷம் வெந்துக்கிட்டு இருந்தேனே!" கடைக்கார அண்ணாச்சிமார் எட்டிப் பார்த்தார்கள். நான் திட்டிக்கொண்டே வந்தேன், அழுதுகொண்டேதான் திட்டினேன்.

அவர் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றும்போதுதான் பதில் சொன்னார். "ஏளா, சொன்னா நீ திட்டுவேன்னுதான் சொல்லல."

ஞாயிறு வந்தது. பட்டம் பெறப் போகிறவர்களின் பெயரைத் தேவபிரசாதம் ஐயர் மறுபடி வாசித்தார். சாத்தான்குளத்திலிருந்து ஒருவர், நாசரேத்திலிருந்து இருவர். அருமைநாயகம் என்ற பெயர் இல்லை. அருமைநாயகம் உபதேசியார் அன்றைக்கும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருந்தார், அன்றைக்கும் திராட்சை பிழிந்திருந்தார். ஆராதனை முடிந்து ஐயர் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு நகர, இவர் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார். ஐயர் திரும்பி வந்து மிச்சத்தைக் குடித்தார்.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் இசக்கித்தாய் வந்தாள். அவளுக்கு யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். முகம் செத்திருந்தது.

"டீச்சரம்மா, உபதேசியாருக்குப் பட்டம் இல்லன்னுட்டாவளாமே. அப்ப எம் மவ வாங்குனது... அது..."

என் கையைப் பிடித்துக்கொண்டு வாயையே பார்த்தாள்.

"உம் மவ வாங்குனது நற்கருணை, இசக்கித்தாய்" என்றேன். பீடத்தண்டை நின்றிருந்த தேவபிரசாதம் ஐயர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவர் பார்த்தார். நான் இன்னொரு தடவையும் சொன்னேன்.